தாழிக்குள் உமி, வரப்பில் யார்?

பொருநைக் கரை அகழாய்வு குறித்த எழுத்துகள் மீது ஒரு விமர்சனம்

2021 செப்டம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அந்த அறிவிப்பைப் படித்தார். சிவகளையில் தோண்டிய முதுமக்கள் தாழி ஒன்றுக்குள் மண்ணோடு மண்ணாகக் கிடந்த உமியை அமெரிக்காவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்ததில் அதன் காலம் கி.மு. 1155 என்று வந்திருக்கிறது. ஆகவே பொருநை ஆற்றங்கரை நாகரிகம் 3200 ஆண்டுப் பழமை உடையது என்பது செய்தி. வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முறத்தில் ரேஷன் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"எல்லாஞ் சொல்லுதாவ. நெல்லு இருந்துச்சாம், தாழி இருந்துச்சாம். நட்டவ யாருன்னு மட்டும் சொல்லலியே, ய்யா."

அம்மா பள்ளிக்கூடம் போகாதவள். நாற்பது வருஷம் காரிலும் பிசானத்திலும் அடுத்தவன் வயலில் குனிந்து நட்டவள். அவள் கேட்டது ஆதங்கம் என்று நான் அப்போது நினைத்தேன். யோசிக்க யோசிக்க அது ஒரு விமர்சனம் என்று பட்டது. அதன் பிறகு பொருநை பற்றிக் கைக்குக் கிடைத்த கட்டுரை, அரசு வெளியீடு, மேடைப்பேச்சு, சாதிச் சங்கச் சுவரொட்டி எல்லாவற்றையும் அவளுடைய கேள்வியை வைத்துக்கொண்டுதான் படித்துவருகிறேன்.

1

முதலில் கிடைத்தவற்றைச் சொல்லிவிடலாம். தாமிரபரணி என்கிற பொருநை கடலில் சேரும் கடைசிப் பகுதியில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், மூன்று ஊர்கள் இருக்கின்றன. ஆற்றோரம் ஆதிச்சநல்லூர். வடக்கே சிவகளை. கடல் பக்கம் கொற்கை. ஒரு ஊரில் செத்தவர்கள், ஒரு ஊரில் உமி, ஒரு ஊரில் முத்து என்று பாடப்புத்தகம் இவற்றைத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்கிறது. ஒரே ஆற்றின் மக்கள் என்று சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

ஆதிச்சநல்லூர்ப் பரம்பை 1876இல் தோண்டியவர் ஜெர்மானியரான ஜாகோர். கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 114 ஏக்கர் ஈமக்காடு. தங்கப் பட்டங்கள், வெண்கலத்தில் எருமை, ஆடு, சேவல், இரும்பில் வாள், ஈட்டி, அம்பு என்று 1915இல் அவர் பட்டியல் வெளியிட்டார். தாழிக்குள் வைத்த பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்ததை, துணித் துணுக்குகள் இருந்ததை அவரே எழுதியிருக்கிறார். தங்கம் பேசப்பட்ட அளவுக்கு இந்த உமி பேசப்படவில்லை. பிறகு நூறு வருஷம் பெரிய சத்தமில்லை. 2004-05இல் மத்தியத் தொல்லியல் துறையின் தி. சத்தியமூர்த்தி தோண்டினார். 160க்கும் மேற்பட்ட தாழிகள். அறிக்கை வர 15 வருஷம் ஆயிற்று. அதற்கும் மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை வழக்குப் போகவேண்டியிருந்தது. 2019இல் வெளியான காலக்கணிப்புகள் கி.மு. 905, கி.மு. 696.

கொற்கையை 1968-69இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்றார்கள். சிவகளையில் 2020 முதல் நடந்த அகழாய்வில் உமி கிடைத்தது, இரும்பும் கிடைத்தது. 2025 ஜனவரி 23 அன்று வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை, சிவகளைத் தாழிகளின் இரும்பை கி.மு. 3345 வரை கொண்டுபோகிறது. இவர்களுக்கெல்லாம் முன்னால் சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிக்காட்டில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்களின் சின்னச்சின்னக் கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன.

இவ்வளவும் நமக்குத் தெரிய வந்ததற்குத் தொல்லியலாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கூடவே, தினக்கூலிக்குக் குழி வெட்டி, மண் சுமந்து, சல்லடையில் சலித்த உள்ளூர் ஆண்களுக்கும் பெண்களுக்கும். நெல் நட்ட கை மட்டுமில்லை, அந்த உமியை மண்ணிலிருந்து பிரித்தெடுத்த கையும் பேர் தெரியாத கைதான்.

2

உமி என்பது என்ன? நெல்லின் மேல் தோல் என்று அகராதி சொல்லும். வயலில் நின்றவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். உமி என்றால் வேலை.

ஒரு பிடி உமி தாழிக்குள் வரவேண்டுமானால் அதற்கு முன்னால் ஒருத்தர் காட்டை வெட்டியிருக்க வேண்டும். மேடு பள்ளம் சமன் செய்து வரப்புப் போட்டிருக்க வேண்டும். இன்றைய அணைக்கட்டுகள் எதுவும் இல்லாத காலத்தில் தண்ணீரை வயலுக்குத் திருப்பி, ராத்திரி மடையில் காவல் கிடந்திருக்க வேண்டும். விதைத்து, களையெடுத்து, கிளி விரட்டி, அறுத்து, கட்டு சுமந்து, அடித்து, பொலி தூற்றி, விதைநெல்லை எலிக்குத் தப்பவைத்து, மறு மழைக்குக் காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் கை வேண்டும். ஒரு வீட்டுக் கை போதாது. ஆகவே உமி கிடைத்தது என்றால் கூடி வேலை செய்யத் தெரிந்த ஒரு குடியிருப்பு அங்கே இருந்தது என்று பொருள்.

இரும்பையும் இப்படிப் படிக்கலாம். சிவகளைத் தாழிகளில் வாளும் அம்புமுனையும் மட்டும் கிடைக்கவில்லை. கோடரியும் உளியும் கத்தியும் கிடைத்தன. நம் எழுத்தாளர்கள் வாளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். 'வீரம் செறிந்த இனம்' என்று எழுத வாள் தோதாக இருக்கிறது. கோடரி வெட்டியது மரத்தை. உளி கொத்தியது கட்டையை. அதை வைத்து என்ன முழக்கம் போடமுடியும்? வாளைச் செய்தவனும் கொல்லன், கோடரியைச் செய்தவனும் கொல்லன். ஆனால் காட்சிப்பெட்டியில் வாளுக்குத்தான் நல்ல வெளிச்சம்.

தாழியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் உட்காரும் அளவுக்குப் பானை வனைவது விளையாட்டில்லை. மண் பதம், தட்டிக் கனம் குறைக்கும் பக்குவம், விரிசல் விடாமல் சுடும் கணக்கு, பிறகு அதைப் பரம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. புறநானூறு 256ஆம் பாட்டில், கணவனை இழந்த பெண் தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்லி வேட்கோவரிடம் பேசுகிறாள். செய்தவனை முன்னால் நிறுத்திப் பேசுகிற பாட்டு அது. இன்றைய அகழாய்வு எழுத்தில் தாழி இருக்கிறது, தாழியின் உயரம் இருக்கிறது, நிறம் இருக்கிறது. வனைந்தவரைக் கூப்பிட ஆள் இல்லை.

நெல்லின் கதை தாழியோடு முடிந்துவிடவும் இல்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்களே, அது எதற்காக? கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக, சங்கம் வைத்ததற்காக. கி.மு. 1155இன் உமியைக் கொண்டாடுகிறவர்கள் 1968இன் நெல்லையும் அதே வரலாற்றில் எழுதத் தயாரா? நம் கேள்வி இவ்வளவுதான்.

3

இதுவரை இந்த மண்ணைப் படித்தவர்கள் மூன்று விதமாகப் படித்திருக்கிறார்கள்.

முதல் வாசிப்பு வெள்ளைக்காரருடையது. அவர்கள் மண்டையோட்டை எடுத்தார்கள். நீளம் அகலம் அளந்தார்கள். பெர்லினுக்கும் பாரிசுக்கும் எலும்பு போயிற்று. 1930இல் சக்கர்மன் எழுதிய ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள் பற்றிய ஆய்வைச் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தது இனம். செத்தவன் என்ன சாப்பிட்டான், என்ன வேலை செய்து முதுகெலும்பு தேய்ந்தான் என்பது அவர்களுக்கு அவசரமாகப் படவில்லை.

இரண்டாவது வாசிப்பு அரசுகளுடையது. 2020 மத்திய பட்ஜெட்டில் ஆதிச்சநல்லூர் பேர் வந்தது. 2023 ஆகஸ்ட் 5 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அங்கே அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார். டெல்லிக்கு இது 'பாரதப் பழமை'. சென்னைக்கு இது 'தமிழர் பழமை'. சண்டை யார் பழமை என்பதில். டெல்லி நம் தொன்மையை மறைக்கப் பார்க்கிறது என்று தமிழ்த் தேசியத் தோழர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 15 வருஷம் கிடப்பில் கிடந்த அறிக்கையே சாட்சி. ஆனால் அந்த நியாயத்தோடு நாம் நின்றுவிட முடியாது. வருஷத்தைப் பின்னுக்குத் தள்ளத் தள்ளப் பெருமை கூடுகிறது. அந்த வருஷங்களில் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்ற கேள்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது வாசிப்புதான் சிக்கலானது, ஏனென்றால் அதில் நாமும் இருக்கிறோம். இன்று தென்மாவட்டத்தில் ஏறக்குறைய எல்லாச் சாதிச் சங்கமும் ஆதிச்சநல்லூரைத் தன் பூட்டன் பாட்டன் சுடுகாடு என்கிறது. எருமைப் பொம்மையைக் காட்டி ஒருவர், சேவலைக் காட்டி ஒருவர், வாளைக் காட்டி ஒருவர், நெல்லைக் காட்டி நம்மவர்கள். 'நாங்களே ஆதிக்குடி, நாங்களே நெல்லைக் கண்டுபிடித்தவர்கள்' என்று நாமும் மேடையில் முழங்குகிறோம். மறுக்கப்பட்ட மக்கள் தங்கள் வரலாற்றை எழுத முனைவது தேவையான காரியம். அயோத்திதாசர் 'தமிழன்' இதழில் செய்தது அதைத்தான். ஆனால் ரத்தத்தைக் காட்டி உரிமை கேட்பது வேறு. அது அவர்களுடைய விளையாட்டு. ரத்தத் தூய்மை பேசித்தான் நம்மை வெளியே நிறுத்தினார்கள்.

அம்பேத்கர் இந்தப் பொறியில் விழவில்லை. 1948இல் வந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் இனவாதிகள் எடுத்த மூக்களவையே எடுத்து வைத்து, பார்ப்பனருக்கும் தீண்டப்படாதவருக்கும் இன வித்தியாசம் இல்லை, ஆகவே தீண்டாமைக்கு இனம் காரணமில்லை என்று காட்டினார். அளவுகோலைப் பிடுங்கி அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்த வேலை அது. நாமோ 2021க்குப் பிறகும் தாழிக்குள் சாதிச் சான்றிதழ் தேடுகிறோம்.

4

அதே நூலில் அம்பேத்கர் நம் விஷயத்துக்கு நேராக வருகிற ஒரு கேள்வி கேட்கிறார். தீண்டப்படாதவர் ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறார்கள்? அவர் சொல்லும் விடை இது: அலைந்து திரிந்த கூட்டங்கள் நிலத்தில் தங்கி விவசாயம் செய்யத் தொடங்கியபோது, சண்டையில் சிதறிப்போன கூட்டத்தார் அந்தக் குடியிருப்புகளுக்கு வெளியே காவலுக்கு வைக்கப்பட்டார்கள். சிதறுண்டவர்கள். அவர்கள்மேல் தீண்டாமை ஏறியது வெகுகாலம் கழித்து, கி.பி. 400 வாக்கில். இந்தக் கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் ஆரம்ப விவசாயக் குடியிருப்பைப் பார்த்து ஒரு தலித் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதில் இருக்கிறது: இந்த ஊரின் வெளி எங்கே?

சிவகளையைச் சுற்றி வெள்ளத்திரடு, பராக்கிரமபாண்டித் திரடு என்று மக்கள் வாழ்ந்த மேடுகள் உண்டு. மேட்டில் குழி போட்டால் மேட்டில் இருந்தவர்கள் கிடைப்பார்கள். மேட்டுக்குக் கீழே, ஓரத்தில், கூரையும் குச்சியுமாக இருந்தவர்கள் கிடைக்க வேண்டுமானால் ஓரத்திலும் குழி போட வேண்டும். தாழியில் வைத்தவர்கள் நமக்குத் தெரிகிறார்கள். தாழி வாய்க்காமல் வெறும் மண்ணில் போனவர்கள் மண்ணாகவே போனார்கள். அதனால் நான் பொற்காலம் பேசவரவில்லை. ஒரு தாழியில் தங்கப் பட்டமும் இன்னொன்றில் நாலு மண்சட்டியும் இருந்தால் அங்கே உள்ளவன் இல்லாதவன் இருந்திருக்கிறான். உள்ளவன் வீட்டு நெல்லை யார் குத்தினார்கள் என்ற கேள்வி அப்போதும் உண்டு.

ஆற்றின் அடுத்த முனையில், கொற்கையில், இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. உள்நாட்டில் விளைந்த நெல்தான் துறைமுகத்துக்குச் சோறு போட்டது. துறைமுகத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது முத்து. பாண்டியன் முத்து ரோமாபுரி வரை போனதை எழுதாத தமிழறிஞர் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு கொற்கையைக் கொல்கி என்று சொல்லி, பாண்டிய நாட்டின் அந்த முத்துக்குளித்துறையில் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. முத்துக்காக இந்த நூலைத் தேடிப்போகிற நம் பெருமை எழுத்து, இந்தச் செய்தி வந்ததும் நடையைக் கட்டிவிடுகிறது. மூச்சடக்கி முங்கியவன் கையில் முத்து தங்கவில்லை, குனிந்து நட்டவள் கையில் நெல் தங்கவில்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளிப்பு 1955-61 காலத்தோடு ஓய்ந்தது. கடல் விலகி, கொற்கையே இன்று உள்நாட்டு ஊராகிவிட்டது. முத்தின் பெருமை மட்டும் மூழ்கவில்லை.

5

இவ்வளவு சொன்ன பிறகும் ஆதிச்சநல்லூர் என்னை ஒரு விஷயத்தில் நிறுத்திவைக்கிறது. 114 ஏக்கர். ஒரே பரம்பு. தங்கம் வைத்த தாழியும் சட்டி வைத்த தாழியும் ஒரே மண்ணில், ஒன்றன்மேல் ஒன்றாகக்கூட இருக்கின்றன. உள்ளவன் இல்லாதவன் வித்தியாசம் தெரிகிறது. 'நீ இந்த மண்ணில் புதையக்கூடாது' என்று கோடு போட்ட அடையாளம் தாழிகளுக்கு நடுவே தெரியவில்லை.

இதிலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் தள்ளி வாருங்கள். கி.பி. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கம். முதலாம் ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரியில்லா நிலத்தைக் கணக்கெடுக்கும்போது ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி, தீண்டாச்சேரி என்றே ஒரு பேர். சுடுகாட்டிலும் வெள்ளாளருக்கு ஒன்று, பறையருக்கு ஒன்று. பழைய தமிழில் சேரி என்றால் சும்மா ஒரு குடியிருப்பு. பார்ப்பனச்சேரி என்றுகூட உண்டு. அந்தச் சொல் நம் தலையில் மட்டும் வந்து நின்றது எப்படி? ஒரு பரம்பு இரண்டு சுடுகாடாகப் பிரிந்தது எப்போது? எந்தத் தலைமுறையில், யார் நிலம் யார் கைக்குப் போனபோது, எந்தக் கோயில் எழுந்தபோது?

பொருநைக் கரையில் தோண்டுகிற ஒவ்வொரு குழியும் இந்த இரண்டாயிரம் வருஷத்துக்கு நடுவில் எங்கோ ஒரு விடையை வைத்திருக்கிறது. தமிழரின் தொடக்கம் எந்த வருஷம் என்பதைவிட, சாதியின் தொடக்கம் எந்த வருஷம் என்பதுதான் நமக்குத் தேவைப்படும் காலக்கணிப்பு. ஏனென்றால் தொடக்கம் உள்ளது எதுவும் அநாதி இல்லை. அநாதி இல்லாததற்கு முடிவும் உண்டு.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் ஆதிக்கசாதி நிலம் குறுக்கே இருந்தது, வழி விடவில்லை. நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. எங்கள் ஊரில் படம் பிடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். பாட்டி செத்தபோது வயலில் பயிர் நின்றது. வரப்பில் பாடை போனால் பயிர் தீட்டாகும் என்று வழி மறித்தார்கள். அந்தப் பயிரை நட்டதே பாட்டியும் அம்மாவும்தான். இடுப்பளவு வாய்க்கால் தண்ணியில் இறங்கித் தூக்கிப்போனோம்.

அந்தப் பாட்டிதான் எனக்கு மதமதக்காத் தாழிக் கதை சொன்னவள். முந்திக் காலத்தில் மனுசருக்குச் சாவே வராதாம். வயசாகிச் சுருங்கிச் சுருங்கிக் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்களாம். அப்போது பெரிய தாழியில் உட்காரவைத்து, பக்கத்தில் சோறும் தண்ணியும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். "அப்ப எல்லாருக்கும் தாழி உண்டுமா பாட்டி?" என்று கேட்டேன். "எல்லாருக்குந்தாம்ல. மண்ணுக்கா பஞ்சம்?" என்றாள்.

தொல்லியல் அறிக்கையில் இந்தக் கதைக்கு இடமிருக்காது. ஆனால் மண்ணில் எல்லாருக்கும் பங்குண்டு என்று ஒரு காலம் இருந்ததாக நம்பியவள், கடைசியில் அந்த மண்ணுக்குத் தண்ணிக்குள்ளே போனாள்.

6

ஆகவே பொருநை பற்றி எழுதுகிறவர்களுக்கு, குறிப்பாக நம் மாணவத் தோழர்களுக்கு, மூன்று விஷயங்கள் சொல்லத் தோன்றுகிறது.

ஒன்று, தாழியை அளக்கும்போது எலும்பின் தேய்மானத்தையும் அளக்கச் சொல்லுங்கள். குனிந்தே வாழ்ந்த முதுகு, சுமந்தே வாழ்ந்த கழுத்து எலும்பில் எழுதியிருக்கும். இரண்டு, மேட்டின் நடுவில் மட்டும் குழி போடாதீர்கள், ஓரத்திலும் போடுங்கள் என்று கேளுங்கள். மூன்று, அருங்காட்சியகத்தில் வாளுக்குப் பக்கத்தில் கோடரியையும், தங்கத்துக்குப் பக்கத்தில் உமியையும் அதே வெளிச்சத்தில் வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே தொல்லியல் படியுங்கள். குழிக்குள் மண் சுமக்க மட்டும் நம் பிள்ளைகள் போனது போதும், குறிப்பேட்டோடும் போகட்டும்.

ஆதிச்சநல்லூர் நம் சாதியின் சுடுகாடு என்று நான் சொல்லமாட்டேன். வேலையின் சுடுகாடு என்று சொல்வேன். நட்டவர், வனைந்தவர், உருக்கியவர், முங்கியவர் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. சாதிக்கு மட்டும் கிடையாது.

இந்தக் கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள்.

"சரிய்யா, எழுதிட்ட. பாட்டியக் கொண்டுபோன வாய்க்காலுக்கு மேல ஒரு பாலம் போடணும்னும் எழுது" என்றாள்.

எழுதியிருக்கிறேன்.